இன்ஜின் இல்லா விமானத்தில் ரேடியோக்காரருக்கு என்ன வேலை, தெரியுமா?

தலைக்கு மேல் வேலை! பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் கிளைடர் கிளப்புகள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தொண்டர்களை நம்பித்தான் ஓடுகின்றன. ஓய்வுபெற்ற ரேடியோ இன்ஜினீயர் ஒருவர் சாலிடரிங் அயர்னோடு வந்து சேர்ந்தால் கிளப்புக்கு யோகம்தான்.

கிளைடரைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2018 செப்டம்பர் 2 அன்று அர்ஜென்டினாவில் 'பெர்லான் 2' தொட்ட உயரம் 76,124 அடி! பயணிகள் ஜெட் பறப்பதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. இழுவை விமானம் விட்ட பிறகு அதை அவ்வளவு உயரம் தூக்கிவிட்டது ஆண்டீஸ் மலையைத் தாண்டி அலையலையாக எழும் வெறும் காற்று!

கிளைடர் விமானி காதால் காற்றைத் தேடுவார், தெரியுமா? 'வேரியோமீட்டர்' என்ற கருவி, விமானம் மேலேறினால் 'பீப் பீப்' என்று சுருதி கூட்டும். இறங்கினால் குரல் தாழும். இதற்கும் ரேடியோவுக்கும் சின்ன பேட்டரியே மின்சாரம். அது மக்கர் செய்தால் நம் பெரியவரைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால், விமானம் பக்கவாட்டில் சறுக்குகிறதா என்று காட்டுவது கண்ணாடி மூடியில் ஒட்டிய கம்பளி நூல்துண்டு! அதில் மட்டும் அவருக்கு வேலையில்லை.

ஒரே வெப்பக்காற்றில் பல கிளைடர்கள் சேர்ந்து சுற்றும்போது மோதினால்? அதைத் தடுக்கவே 2004-இல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது 'ஃபிளார்ம்'. தான் இருக்கும் இடத்தையும் அடுத்த சில நொடிகளில் போகப்போகும் பாதையையும் ஒவ்வொரு கிளைடரும் ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்கும். பாதைகள் மோதும்படி வந்தால் அலாரம்! இங்கேதான் வில்லங்கம். கண்ணாடியிழை உடல் ரேடியோ அலையை ஊடே விட்டுவிடும். வால் துடுப்புக்குள்ளேயே ஆன்டெனாவை ஒளித்துவைக்கலாம். கார்பன் இழையோ அலையை மறித்துவிடும்! ஆன்டெனாவை எங்கே வைத்தால் எந்தத் திசை குருடாகும் என்று பார்த்துப் பார்த்துப் பொருத்த வேண்டும். அனுபவக் கைக்கு இதைவிட நல்ல தீனி ஏது?

இன்னும் கேளுங்கள்! டிவி பார்க்கச் செய்த யுஎஸ்பி குச்சி, கையடக்க ராஸ்ப்பெரி பை கணினி, ஓர் ஆன்டெனா. இவற்றைக்கொண்டு தொண்டர்கள் ஐரோப்பாவில் 868 மெகாஹெர்ட்ஸில் வரும் ஃபிளார்ம் அலைகளைப் பிடித்து, கிளைடர்களை வரைபடத்தில் ஓடவிடுகிறார்கள். பெயர் 'ஓப்பன் கிளைடர் நெட்வொர்க்'. காற்று கைவிட்டு எங்கோ வயலில் இறங்கிய கிளைடரை, டிரெய்லரோடு தேடிப்போகிறவர்களுக்கு வரைபடத்தில் தெரிந்த கடைசிப் புள்ளிதான் துப்பு. கிளைடர் தாழத் தாழ மலை மறைத்து அலை அறுந்துபோகும். அதற்காகவே அடுத்த குன்றிலும் ஒரு ஆன்டெனா வேண்டும்!