வயரில்லாத மைக்கில் வயரின் சத்தம்

கார்ட்லெஸ் மைக்கை ஆன் செய்ததும் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று அடித்தொண்டையில் ஒரு முனகல் எழும். மைக்செட்காரர் முதலில் மைக்கைத் தட்டிப் பார்ப்பார். அடுத்துப் பேட்டரியை மாற்றுவார். பெரும்பாலும் இரண்டும் வீண் வேலை. கையிலிருக்கும் மைக் பேட்டரியில் ஓடுவது. கரண்ட் லைனோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. முனகலோ கரண்ட் லைனுடைய குரல். இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் வருகிறது. அந்த 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளான 100, 150 ஹெர்ட்ஸும்தான் காதில் விழுகின்றன. ரேடியோ அலை முடிந்து வயர் தொடங்கும் இடத்திலிருந்து தேடுவதே முறை. ரிசீவர், அதன் அடாப்டர், அங்கிருந்து மிக்ஸருக்குப் போகும் வயர் என்று வரிசையாகப் போக வேண்டும்.

சங்கரன்கோவிலில் இந்தக் கோளாறு முளைக்கத் தோதான காலம் ஆடித்தபசு. கோமதி அம்மனுக்குச் சங்கரநாராயணர் காட்சி கொடுக்கும் நாளில் தெற்கு ரத வீதி ஜனத்தால் நிரம்பி வழியும். இப்படிப்பட்ட திருவிழாத் தெருக்களில் அறிவிப்பு மைக் ஒரு பக்கம், சொற்பொழிவு மேடை ஒரு பக்கம், தெரு நெடுகச் சீரியல் லைட். ஒன்றுக்கு இ.பி. லைன், இன்னொன்றுக்கு ஜெனரேட்டர், மூன்றாவதற்குப் பக்கத்துக் கடையிலிருந்து இழுத்த வயர். முனகலுக்கு வேறென்ன வேண்டும்?

இன்னொன்றும் உண்டு. கூம்பு ஒலிபெருக்கிக்கு 50 ஹெர்ட்ஸ் அடிச்சத்தத்தை எழுப்பும் திராணி கிடையாது. பல வருடம் கூம்பு கட்டி ஓட்டியவருக்கு, பேஸ் பெட்டி வாங்கிய அன்று முனகல் புதிதாக வந்தது போலத் தோன்றும். பழி புதுப் பெட்டி மேல் விழும். கோளாறு முன்பே இருந்ததுதான். அதைச் சொல்ல ஒரு வாய் இல்லாமல் இருந்தது, அவ்வளவே.

ஆடி மாதத்தில் காற்றும் ஏமாற்றும். மைக்கின் வலைத்தலையில் காற்று மோதினால் வரும் உறுமல், முனகலைப் போலவே கேட்கும். ஆனால் காற்றின் சத்தம் ஏறி இறங்கும். மைக்கை உள்ளங்கையால் மறைத்தால் மாறும். கரண்ட் முனகல் யார் மறைத்தாலும் ஒரே சுருதியில் நிற்கும். காற்றுக்கு மைக் தலையில் மாட்டும் பஞ்சு உறையும், மிக்ஸரில் உள்ள ‘லோ கட்’ பொத்தானும் போதும்.

சோதனையை மைக்கை அணைப்பதிலிருந்து தொடங்கலாம். மைக் அணைந்தால் ரிசீவர் தன் ஒலியைத் தானே அடைத்துக்கொள்ளும். அப்போதும் முனகல் கேட்டால் மைக் நிரபராதி. அடுத்து, மிக்ஸரில் அந்தச் சேனலை மட்டும் முழுதாக இறக்க வேண்டும். முனகல் நின்றால் கோளாறு ரிசீவருக்கும் மிக்ஸருக்கும் நடுவில். நிற்காவிட்டால் மிக்ஸரிலோ அதற்கு அப்பாலோ. நடுவில்தான் என்று தெரிந்ததும் ரிசீவரின் அடாப்டரைப் பிளக்கிலிருந்து பிடுங்கிப் பார்க்க வேண்டும், ரிசீவர் வயர் மிக்ஸரில் இருந்தபடியே. பின்னைப் பிடுங்கும்போதும் மாட்டும்போதும் மாஸ்டர் வால்யூம் இறங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ‘டொம்’ என்று ஒரு அடி விழும். ஸ்பீக்கர் காயில் அதைத் தாங்காது.

அடாப்டரைப் பிடுங்கியதும் அமைதி என்றால், இரண்டில் ஒன்று. பழைய மாதிரிக் கனமான அடாப்டராக இருந்தால் உள்ளிருக்கும் மின்தேக்கி காய்ந்து, சரியாக வடிகட்டாத மின்சாரம் 100 ஹெர்ட்ஸ் உறுமலாக வரலாம். லேசான ‘சுவிட்சிங்’ அடாப்டராக இருந்தால் வேறு கதை. இரண்டு பின் கொண்ட இந்த அடாப்டருக்கு எர்த் கிடையாது. அதன் உள்ளிருந்து துளி மின்சாரம் கசிந்து, ரிசீவர் வயரின் மேல்வலை வழியாக மிக்ஸரின் எர்த்தைத் தேடிப் போகும். போகிற வழியில் பேச்சோடு கலந்துவிடும். ரிசீவரில் எழுதியிருக்கும் வோல்ட்டுக்கும் ஆம்பியருக்கும் துருவத்துக்கும் பொருந்திய வேறொரு நல்ல அடாப்டரை மாட்டினால் பல நேரம் கதை அதோடு முடியும். வீட்டில் கிடந்த ஏதோ ஒரு அடாப்டரை மாட்டியதால் வந்த வினை, இந்தத் தொழிலில் மிகச் சாதாரணம்.

சேனலை இறக்கியும் நிற்காத முனகலுக்கு முதல் சந்தேகம் எர்த் வளையம். மேடையிலுள்ள மிக்ஸருக்கு மூன்று பின் வழியே ஒரு எர்த். ஐம்பதடி தள்ளியிருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு வேறு பிளக்கில் வேறு எர்த். இரண்டையும் ஆடியோ வயரின் மேல்வலை இணைக்கும்போது ஒரு பெரிய வளையம் உருவாகிறது. இரண்டு எர்த்துக்கும் நடுவில் சில மில்லிவோல்ட் வித்தியாசம் இருந்தாலே அந்த வளையத்தில் மின்சாரம் சுற்றும். ஒன்று இ.பி., மற்றொன்று ஜெனரேட்டர் என்றால் வித்தியாசம் இன்னும் கூடும்.

மில்லிவோல்ட் எந்த மூலைக்கு என்று தோன்றலாம். மைக் அளவில் வரும் பேச்சே சில மில்லிவோல்ட்தான். அங்கே ஒரு மில்லிவோல்ட் முனகல் பேச்சுக்குச் சமமாக உட்கார்ந்துவிடும். அதே பேச்சு லைன் அளவில், ஏறத்தாழ ஒரு வோல்ட்டில் வந்தால் அதே முனகல் ஆயிரத்தில் ஒரு பங்கு. ரிசீவர் பின்னாலுள்ள வால்யூமைக் கால்வாசியில் வைத்துவிட்டு மிக்ஸரின் ‘கெய்ன்’ குமிழைக் கடைசிவரை திருகுகிறவர், பேச்சைப் பெருக்குவதாக நினைத்து முனகலைப் பெருக்குகிறார். ரிசீவரில் தாராளமாக வைத்து மிக்ஸரில் குறைப்பதே சரி. செலவில்லாத வைத்தியம் இதுதான். கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வைக்கலாம்.

அடுத்த வைத்தியத்துக்கும் பெரிய செலவில்லை: மிக்ஸர், ரிசீவர், ஆம்ப்ளிஃபயர் மூன்றுக்கும் ஒரே ஜங்ஷன் பாக்ஸிலிருந்து கரண்ட். வயரை மாற்றுவது அதற்கடுத்து. பி-38 பின் கொண்ட சாதா வயரில் ஒலிக்கு ஒரு கம்பியும் மேல்வலையும்தான். வலையில் ஓடுவதெல்லாம் ஒலியில் சேரும். கேனன் எனப்படும் மூன்று பின் எக்ஸ்.எல்.ஆர். வயரில் முதல் பின் எர்த். இரண்டிலும் மூன்றிலும் ஒரே ஒலி நேரும் எதிருமாக வரும். வழியில் ஒட்டும் முனகல் இரண்டிலும் ஒரே மாதிரி ஒட்டுவதால், மிக்ஸர் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது முனகல் அடிபட்டுப்போகும். ரிசீவரில் கேனன் வாய் இருந்தும் பழக்கதோஷத்தில் பி-38 மாட்டுவோர் ஏராளம். எதற்கும் அடங்காத வளையத்துக்கு நடுவில் ஒரு சிறிய ஆடியோ டிரான்ஸ்பார்மர்: ஒலி காந்தத்தால் தாண்டும், எர்த் தாண்டாது.

மிக்ஸர் அல்லது ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் மூன்றாவது பின்னை வெட்டி எறிவது தெருவில் புழங்கும் குறுக்கு வழி. முனகல் நிற்கும், உண்மைதான். உள்ளே ஒரு வயர் உரசினால் 230 வோல்ட்டும் இரும்புப் பெட்டி மேல் வந்து நிற்கும் என்பதும் உண்மை. கார்ட்லெஸ் பிடித்தவருக்கு ஆபத்து குறைவு. மிக்ஸரில் கை வைத்தவருக்கும், அதில் வயர் மாட்டிய கீபோர்டுக்காரருக்கும்தான் அடி. இந்த வேலையை எந்தச் சமாதானமும் நியாயப்படுத்தாது.

சங்கரன்கோவில் விசைத்தறி ஊர். தறி மோட்டார் ஓடும் அதே லைனில் மண்டபத்தின் கரண்டும் வரும்போது மோட்டார் ஏறும் நேரத்தில் ‘டப்’ சத்தமும் வோல்ட்டேஜ் தள்ளாட்டமும் வரலாம். எல்.இ.டி. சீரியல் செட்டுகள் வேறு வகை. அவை இழுக்கும் மின்சாரத்தின் மூன்றாம் மடங்கு, அதாவது 150 ஹெர்ட்ஸ், மூன்று ஃபேஸிலிருந்தும் நியூட்ரலில் ஒன்றையொன்று ஈடுகட்டாமல் கூடிச் சேரும். டிம்மர் விளக்கின் சத்தம் முனகலாக இராது, வண்டு போல ‘ஸ்ர்ர்’ என்று கரகரக்கும். சீரியல் செட்டை ஒவ்வொன்றாக அணைத்தால் ஆள் அகப்படும். ஆடியோ வயரைக் கரண்ட் வயரோடு சேர்த்துக் கட்டாமல் தள்ளிப் போட வேண்டும். குறுக்கிட நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்க விட வேண்டும்.

‘உஸ்ஸ்’ என்ற இரைச்சலும் விட்டு விட்டு வெடிப்பதும் ரேடியோ பக்கத்துச் சங்கதி: பேட்டரி இறங்கியது, ஆன்டெனா எல்.இ.டி. திரைக்கு அருகில் இருப்பது, இரண்டு மைக் ஒரே அலைவரிசையில் மோதுவது.

மிக்ஸரையே கழற்றிய பிறகும் ஆம்ப்ளிஃபயர் தனியாக உறுமினால் அதன் பெரிய வடிகட்டு மின்தேக்கிகள் காய்ந்திருக்கலாம். அதை மேடையில் வைத்துத் திறக்கக் கூடாது. சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகும் அந்த மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும்.