நீலக் கார்பன் – 7: பாசி போகும் ஊர்

மண்டபம், பாம்பன் பக்கத்துக் கரையோர ஊர்களில் பாசி எடுக்கப் போகும் பெண்களின் கோலமே தனி. புடவைக்கு மேல் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்கு ரப்பர் செருப்பு, இடுப்பில் வலைப்பை. விரல்களில் இறுகச் சுற்றிய கிழிதுணி. மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி, பாறையில் அப்பியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைக் கிள்ளிப் பையில் திணித்துக்கொண்டு மேலே வருகிறார்கள். துணியையும் மீறிப் பாறை விரலைக் கிழித்துவிடும்.

அலைக்கு அசையாமல் பாறையைப் பிடித்திருக்கும் அந்தப் பாசிக்கு வேர் கிடையாது. கவ்விக்கொள்ள ஒரு பற்றுறுப்பு மட்டும்தான். சத்தையெல்லாம் உடம்பு முழுவதாலும் தண்ணீரிலிருந்தே உறிஞ்சுகிறது. கார்பன் கணக்கில் பாசியை வெகுகாலம் வெளியே நிறுத்தியதும் இதுதான். சென்ற வாரம் பார்த்த அலையாத்திக் காடு, தான் இழுத்த கார்பனைக் காலடிச் சேற்றிலேயே புதைத்துக்கொள்ளும். சேற்றில் குழாயை இறக்கி அளந்துவிடலாம். பாறைமேல் வளர்வதற்குச் சேறு ஏது?

2016-ல் கடல் ஆய்வாளர்களான டென்மார்க்கின் டோர்தே க்ராவ்ஸ்-யென்சனும் ஸ்பானியரான கார்லோஸ் துவார்தேயும் வேறு பக்கமிருந்து வந்தார்கள். பாசி வளரும் இடத்தை விட்டுவிட்டு, அது போய்ச் சேரும் இடத்தைத் தேடினார்கள்.

கட்டக்கோரைப் பாசியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தண்டு நெடுகச் சின்னச் சின்னக் காற்றுக்காய்கள். நசுக்கினால் டப்பென்று வெடிக்கும். அலை அறுத்துப்போட்ட பாசியை மிதக்கவைத்து நெடுந்தூரம் கொண்டுபோவது இவைதான். காற்று போனதும் பாசி மூழ்கும். ஆழ்கடலுக்குப் போய்விட்ட கார்பன் மறுபடி மேலே வர நூறாண்டுக்கு மேல்கூட ஆகும்.

இருவரும் போட்ட மதிப்பீட்டின்படி, உலகத்துப் பாசிகள் ஆண்டுக்குச் சுமார் 17.3 கோடி டன் கார்பனை இப்படி ஒதுக்கிவைக்கின்றன. ஏறத்தாழ 90 சதவீதம் ஆழ்கடல் வழியாக. ஆனால் குறைந்தால் 6.1 கோடி, கூடினால் 26.8 கோடி என்றும் அவர்களே சொல்கிறார்கள். மளிகைக் கடைக்காரர் இப்படிக் கணக்குச் சொன்னால் யாரும் காசு கொடுக்கமாட்டார்கள். வழியெல்லாம் மீனும் நுண்ணுயிரும் தின்றுகொண்டே இருக்க, எந்தத் துண்டு ஆழம் சேர்ந்தது என்று எப்படி எண்ணுவது?

பாசிப் பண்ணைகளே பூமியைக் குளிர்வித்துவிடும் என்று பேசுபவர்கள், பாசி ஆழம் சேர வேண்டும் என்பதைக் கவனிப்பதில்லை. பாக் விரிகுடாவில் மூங்கில் மிதவைகளில் வளர்க்கும் கப்பாஃபைகஸ் பாசி 45 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். காய்ந்து, காராஜீனன் என்ற கெட்டிப்படுத்தும் பொருளாகி, ஐஸ்கிரீமுக்கும் பற்பசைக்கும் போகிறது. அதிலிருந்த கார்பனும் பெரும்பாலும் காற்றுக்கே திரும்புகிறது. வளர்ப்பவர்களுக்குக் கிடைக்கும் வருமானம் நிஜம். கடலடிச் சேமிப்பு என்பதுதான் இடிக்கிறது. போதாக்குறைக்கு, வெளிநாட்டிலிருந்து வந்த இந்தப் பாசி குருசடைத் தீவுப் பவளப்பாறைகள்மேல் படர்ந்திருப்பதை 2008-லேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள்.

காட்டுப் பாசியைக் கணக்கில் ஏற்றத் துணிந்த நாடு ஜப்பான். 2024-ல் ஐ.நா.வுக்குக் கொடுத்த அறிக்கையில், கடற்புல்லும் கடற்பாசியும் சேர்ந்து ஓராண்டில் 3.5 லட்சம் டன் கார்பன் டை ஆக்சைடை ஈர்த்ததாகக் குறித்தது. உலகிலேயே இது முதல்முறை. நாட்டின் மொத்த உமிழ்வுக்கு முன்னால் இது தூசுதான்.

அந்தத் தூசைக் காப்பதும் லேசல்ல. ஜப்பானியக் கரைகளில் பாசிக் காடுகள் மொட்டைப் பாறையாகிவருகின்றன. ‘இசோயாகே’ என்கிறார்கள், கரை எரிந்துபோனது என்று பொருள். கடல் சூடேறுவது ஒரு காரணம். குளிரில் சோம்பிக் கிடக்க வேண்டிய கடல் முள்ளெலிகள் சூட்டில் ஓயாமல் மேய்வது இன்னொன்று. முக்குளிப்பவர்கள் இறங்கி முள்ளெலிகளை உடைத்துப் போடுகிறார்கள். பாசி அற்ற பாறையில் கிடப்பவற்றுக்குள் சதையே இருக்காது என்பதால் விற்கவும் வழியில்லை. கனகாவா மாகாணத்தில் ஒரு யோசனை செய்தார்கள்: அவற்றைப் பிடித்துத் தொட்டியில் விட்டு, சந்தைக்குப் போகாத முட்டைக்கோஸைப் போட்டார்கள். விடாமல் தின்று கொழுத்தன.