சண்டை போடும் கால்

காலிபர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது போலியோ. சூம்பிப்போன காலுக்கு இரும்புக் கம்பி, தோல் பட்டை, கனத்த பூட்ஸ். 2014இல் இந்தியா போலியோ இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டுவிட்டது. ஆனால் காலிபர் தேவைப்படும் குழந்தைகள் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களில் பலருக்கு மூளை முடக்குவாதம். போலியோக் கால் துவளும். இந்தக் கால் விறைக்கும். சும்மா தாங்கிப் பிடித்தால் போதாது, முரண்டு பிடிக்கும் தசையைச் சமாதானப்படுத்த வேண்டும்.

கொச்சி மட்டாஞ்சேரி வட்டாரத்தில், கொச்சங்காடியில் இயங்கும் 'ரக்ஷா' போன்ற சிறப்புப் பள்ளிகளுக்கு இத்தகைய குழந்தைகள் வருகிறார்கள். கெண்டைக்கால் தசை இறுகி, குதிகால் தரையில் படாமல், நுனிக்காலில் நடப்பவர்கள். இவர்களுக்குத் தரப்படுவது பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே, கெண்டைக்காலையும் பாதத்தையும் சேர்த்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் உறை. டாக்டர்கள் ஏ.எஃப்.ஓ. என்பார்கள். பெற்றோருக்கு அதுவும் காலிபர்தான்.

அளவெடுப்பதில்தான் சூட்சுமம். வெடுக்கென்று பாதத்தை மடக்கினால் தசை உடனே விறைத்து எதிர்க்கும். குழந்தை பயந்து அழுதால் இறுக்கம் இன்னும் கூடும். எனவே முதல் வேலை குழந்தையைச் சிரிக்க வைப்பது! பிறகு முழங்காலை மடக்க வேண்டும். கெண்டைக்கால் தசையின் ஒரு பகுதி முழங்காலுக்கு மேலிருந்து வருவதால், மடக்கினால் அது தளரும். அப்புறம் பாதத்தை மெள்ள மெள்ள உயர்த்தி, குதிகால் கோணாமல் பிடித்துக்கொண்டு, பிளாஸ்டர் சுற்றி, அது இறுகும்வரை கையை எடுக்காமல் இருக்க வேண்டும். அந்த அச்சில் ஊற்றி எடுத்த பிளாஸ்டர் காலின் மேல், சூடாக்கிய பாலிபுரொப்பிலீன் தகட்டைப் போர்த்தி உறை செய்கிறார்கள்.

தசை நிரந்தரமாகவே குறுகிவிட்டிருந்தால், உறையை மட்டும் மாட்டிப் பயனில்லை. வலுக்கட்டாயமாக மாட்டினால் குதிகால் உள்ளே மேலெழும்பி, பாதத்தின் நடுப்பகுதி வளையத் தொடங்கும். வெளியிலிருந்து பார்த்தால் கால் நேராக இருப்பது போலவே தெரியும். அதனால்தான் முதலில் பயிற்சி, தொடர் மாவுக்கட்டு, தேவைப்பட்டால் போட்டுலினம் ஊசி அல்லது அறுவை, பிறகே காலிபர்.

டாக்டர், பிசியோதெரபிஸ்ட், காலிபர் செய்பவர் மூவரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பது புதிய யோசனை அல்ல. கொச்சிக்கு அருகே செராயியில் பிறந்த டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்த அவர், வேலூர் சி.எம்.சி.யில் மறுவாழ்வு மருத்துவத் துறையை வளர்த்தார். அங்கே 1966இல் மறுவாழ்வு மையமும் திறக்கப்பட்டது. இன்று மட்டாஞ்சேரிக்காரர்கள் வேலூர்வரை போக வேண்டியதில்லை. திருச்சூர் மாவட்டம் கல்லேற்றுங்கரையில் கேரள அரசின் மறுவாழ்வு நிறுவனம் இருக்கிறது. இரிஞ்ஞாலக்குடா ரயில் நிலையமும் அதே ஊரில்தான்.

ஆனாலும் அளவு கொடுக்க ஒரு நாள், மாட்டிப் பார்க்க ஒரு நாள், உறுத்தும் இடத்தைச் சரிசெய்ய இன்னொரு நாள். தினக்கூலித் தந்தைக்கு ஒவ்வொன்றும் ஒரு நாள் சம்பளம். முகாமில் காலிபரைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்பவர்கள் இந்த மூன்றாவது நாளைப் பற்றி யோசிப்பதே இல்லை.

வீட்டுக்கு வந்தபின் வேறு பிரச்னைகள். வாசலிலேயே செருப்பைக் கழற்றும் ஊர் இது. பிளாஸ்டிக் உறையோடு மொசைக் தரையில் நடந்தால் வழுக்கும். அடியில் ரப்பர் ஒட்டியாக வேண்டும். கொச்சியின் புழுக்கத்தில் உள்ளே வியர்த்துக் கொட்டும். பருத்திக் காலுறை இல்லாமல் மாட்டினால் தோல் புண்ணாகிவிடும். கணுக்கால் மடங்காத உறையோடு தரையில் குந்தி உட்காரவும் முடியாது. இதையெல்லாம் முன்கூட்டிச் சொல்லாததால் பரணுக்குப் போகும் காலிபர்கள் உண்டு.

குழந்தையோ வளர்ந்துகொண்டே இருக்கிறது. எலும்பு நீளும் வேகத்துக்கு இறுகிய தசை நீள்வதில்லை. போன வருட உறை இந்த வருடம் கடிக்கும். மத்திய அரசின் 'அடிப்' திட்டம் 1981 முதல் உதவிக் கருவிகள் வழங்குகிறது. பெரியவர்கள் மறுபடி பெற 3 ஆண்டு காத்திருக்க வேண்டும். 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஓராண்டே போதும். இந்த விதி தெரியாத பெற்றோர் பழைய உறையையே இழுத்து மாட்டுகிறார்கள். கழற்றிய அரை மணி நேரத்துக்குப் பிறகும் தோலில் சிவப்பு மறையவில்லையென்றால், மறுநாள் அதை மாட்டாமல் செய்தவரிடமே எடுத்துக்கொண்டு போக வேண்டும்.