பழைய ‘புஷ் டு டாக்’ கைபேசியில் உள்ள குரல் பதிவைக் கேட்பது எப்படி?

அத்திபெலே: பொத்தானை அழுத்திப் பேசும் ‘புஷ் டு டாக்’ வசதியுடன் 2004-ஆம் ஆண்டு சந்தைக்கு வந்த நோக்கியா 5140 கைபேசியின் நினைவகம் சுமார் 3.5 எம்பி மட்டுமே. மெமரி கார்டு பொருத்தவும் இடமில்லை. 128 கேபிபிஎஸ் தரத்திலான 5 நிமிட எம்பி3 பாடலுக்கு 4.8 எம்பி தேவை. ஒரு பாடல்கூட அதில் அடங்காது.

மனிதக் குரலுக்கென உருவாக்கப்பட்ட ஏஎம்ஆர் முறையிலோ அதே 5 நிமிடப் பதிவு அரை எம்பிக்குள் முடிந்துவிடும். ஒலியின் மாதிரி விநாடிக்கு 8,000 முறை மட்டுமே எடுக்கப்பட்டாலும், பேச்சு தெளிவாகக் கேட்கும். இசை தகர டப்பாவுக்குள் ஒலிப்பது போலிருக்கும்.

மறைந்த உறவினரின் குரல் இத்தகைய கைபேசிகளில் எஞ்சியிருக்கக்கூடும். இன்றைய கைபேசியில் திறக்கவில்லை என்பதற்காகக் கோப்பு பழுதடைந்துவிட்டதாகக் கருதி அழித்துவிடக் கூடாது. கணினிக்கு மாற்றி, விஎல்சி செயலியில் அதனை இயக்கலாம். எம்பி3 வடிவத்துக்கு மாற்றினாலும் ஒலித்தரம் கூடாது என்பதால், மூலக் கோப்பையும் பாதுகாத்து வைக்க வேண்டும்.