புதினாத் தொட்டியில் கறுப்பு ஈ: மருந்து இலைக்கு இல்லை, மண்ணுக்கு

மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் ஏறுகிற வண்டிகள் பர்லியாரில் டீக்கு நிற்கும். மங்குஸ்தான், துரியன் வாங்க நிற்கிறவர்களும் உண்டு. 1871-லேயே அரசு பழப்பண்ணை வந்த ஊர் இது. அந்தக் கடைகளுக்குப் புதினாக் கட்டு கொடுப்பதோடு, வேர் பிடித்த தொட்டிகளையும் நான் விற்று வருகிறேன்.

போன ஐப்பசியில் தொட்டி வாங்கிப் போன ஒருவர் போன் செய்தார். "அண்ணா, இயற்கை முறைன்னு சொல்லித்தானே கொடுத்தீங்க? வீடு பூரா ஈ பறக்குதுங்க." போய்ப் பார்த்தால் என் தொட்டிகளிலும் அதே கதை. செடியை ஆட்டினால் கொசு மாதிரி கறுப்பாகச் சின்ன ஈக்கள் கிளம்பின. புதிதாக நட்ட தண்டுகள் பாதி மஞ்சளாகிச் சாய்ந்திருந்தன.

இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல் அடித்தேன். வேப்பெண்ணெயும் அடித்தேன். இரண்டு நாள் குறையும், மூன்றாம் நாள் பழையபடி. பத்து நாள் இப்படியே போச்சு.

பிறகுதான் ஈ எங்கே உட்காருகிறது என்று கவனித்தேன். இலையில் இல்லை, ஈர மண்மேல் ஓடிக்கொண்டிருந்தது. ஊட்டிப் பக்கம் மொட்டுக்காளான் வளர்க்கிறவர்களைப் படுத்துகிற சியாரிட் ஈயின் வகை இது. தாய் ஈ ஒரு வாரம்தான் இருக்கும். அதற்குள் ஈர மண்ணில் நூறுக்கு மேல் முட்டை வைத்துவிடும். புழு மண்ணில் உள்ள பூஞ்சையைத் தின்னும், கூடவே இளம் வேரையும் கடிக்கும். முட்டையில் இருந்து ஈயாக மூன்று, நான்கு வாரம். நான் பறக்கிற ஈயை விரட்டிக்கொண்டிருந்தேன். குடும்பம் முழுக்க மண்ணுக்குள் இருந்தது.

சந்தேகம் இருந்தால் உருளைக்கிழங்கை வில்லையாக வெட்டி மண்மேல் வையுங்கள். இரண்டு மூன்று நாளில் புரட்டினால், கறுப்புத் தலையோடு கண்ணாடி மாதிரி வெள்ளைப் புழுக்கள் அடியில் ஒட்டியிருக்கும். என் தொட்டியில் ஒரு வில்லையில் பதினேழு!

இவ்வளவு புழு எப்படி வந்தது? சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நான்தான் வளர்த்தேன். சரியாக மக்காத தொழுவுரம், தென்னைநார்க் கழிவு, அதன்மேல் வாரம் தவறாமல் ஜீவாமிர்தம். வெல்லமும் பயறு மாவும் சேர்ந்த கரைசல். வயலுக்கு அது சரி, மண் பரந்து கிடக்கிறது. ஒரு சாண் தொட்டியில், மழைமூட்டத்தில் காயாமல் நின்றால் பூஞ்சைக்கு விருந்து. 'இயற்கை இடுபொருள்தானே, கூடினால் என்ன' என்ற நினைப்பு நம்மில் பலருக்கு உண்டு.

முதலில் கரைசலை நிறுத்தினேன். தொட்டிகளை மழை படாத, காற்றோடுகிற தாழ்வாரத்துக்கு மாற்றினேன். மேல்மண் ஒரு அங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர். விரலை விட்டுப் பார்த்துத்தான். அதுவும் அடித்தட்டில் ஊற்றி, அரை மணியில் மிச்சத்தைக் கொட்டிவிடுவேன். புதினா வாடிப்போகுமே என்று பயந்தேன். கொஞ்சம் தலை தொங்கும், தண்ணீர் கண்டதும் நிமிர்ந்துவிடும். மேல்மண்ணைச் சுரண்டி எடுத்து, சலித்த மணலை அரை அங்குலம் பரப்பினேன். மஞ்சள் பெயின்ட் அடித்த டப்பா மூடிகளில் விளக்கெண்ணெய் தடவி மண்ணை ஒட்டி வைத்தேன். அது பறக்கிறதைப் பிடிக்கும், அவ்வளவுதான். புழுவுக்கு மருந்து காய்ச்சல்தான்.

கடையில் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் வாங்குகிறவர்கள் ரகம் கேட்டு வாங்குங்கள். காய்ப்புழுவுக்கான 'குர்ஸ்டகி' ரகம் இதற்கு ஆகாது. கொசுப்புழுவுக்கு விடுகிற 'இஸ்ரேலென்சிஸ்' தான் ஈப்புழுவைக் கொல்லும்.

ஆட்டினால் வெள்ளைத் தூசி மாதிரி பறந்து, இலை அடியில் போய் ஒட்டினால் அது வேறு ஆள், வெள்ளை ஈ. அதற்கு இலை அடியில்தான் வேலை. தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் காதி சோப்போடு கலக்கி மாலையில் அடியுங்கள். பச்சையாகச் சட்னி அரைக்கிற இலை. அடித்த கையோடு பறிக்காதீர்கள்.

ஐந்தாவது வாரம் கிழங்கு வில்லையில் இரண்டே புழு. போன் செய்தவருக்கு வேறு தொட்டி கொடுத்தனுப்பினேன். இப்போது எந்தத் தொட்டியானாலும் மூன்று நாள் கிழங்கு வைத்துப் பார்த்த பிறகுதான் ரோட்டோரம் கொண்டுபோய் வைக்கிறேன்.