சலிக்கவும் நேரமில்லாத காத்திருப்பு

சலிப்பைக் குறிக்கத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை என்றாலும், அச்சொற்கள் யாவும் ஒரு பொருளன அல்ல. அலுப்பு என்பது உழைத்து ஓய்ந்த உடலுக்கு வருவது. நாஞ்சில் நாட்டார் அதனைச் சடவு என்பர். அளவுக்கு மிஞ்சிய இனிப்பு திகட்டும். ஒன்றையே கேட்டுக் கேட்டால் அது புளித்துப் போகும். சலிப்போ, உடல் ஓயாதபோதும் மனம் எதிலும் ஒட்டாமல் நிற்கையில் தட்டுவது. திருக்குறள் ஓர் அதிகாரம் ஒதுக்கிக் கடியும் மடி, அதாவது சோம்பல், இதனின்று வேறானது. சோம்பியவன் வேலைக்கு அஞ்சுகிறான், சலித்தவனோ ஏதேனும் செய்யத் தவித்தும் எதைச் செய்வதென்று தெரியாமல் இருக்கிறான். பிறரைச் சலிப்படையச் செய்வோருக்கு மாணவர் வழக்கு முன்பு சூட்டிய அறுவை, பிளேடு, ரம்பம் ஆகிய பெயர்கள் வெட்டுவதைச் சுட்ட, பின்வந்த தலைமுறை மழுங்கியது என்று பொருள்படும் மொக்கையைக் கைக்கொண்டது. கத்தி மழுங்கிற்றே தவிர அறுப்பு நின்றபாடில்லை. இன்று இவ்வளவையும் ‘போர் அடிக்கிறது’ என்னும் ஒரே தொடர் விழுங்கிவிட்டது.

ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதே சலிப்புக்குக் காரணம் என்னும் பொதுக்கருத்து, புவிசார் குறியீடு பெற்ற கோயில் நகைகள் உருவாகும் நாஞ்சில் நாட்டு வடசேரிப் பட்டறைகளில் எடுபடாது. வெள்ளியில் வடிவம் அமைத்து, உள்ளே அரக்கு நிரப்பி, சிவப்பும் பச்சையுமான கெம்புக் கற்களை ஒவ்வொன்றாகப் பதித்து, கல்லின் விளிம்பைச் சுற்றித் தங்க ரேக்கை, அதாவது மிக மெல்லிய தங்கத் தாளை, அழுத்திப் படியவைக்கும் இவ்வேலை, தலையில் சூடும் ஒரு ராக்கொடிக்குள்ளேயே பலமுறை திரும்ப வருகிறது. கழுத்துக்கும் கண்ணுக்கும் இதில் சடவு உண்டு. ஆனால் கல் சற்றே சாய்ந்தாலும் கண்ணில் உறுத்தும் வேலையில் மனம் அலைய இடம் கிடைப்பதில்லை.

அதே வடசேரியின் பேருந்து நிலையத்தில், செய்வதற்கு ஒன்றுமில்லாத பொழுது நீள்கிறது. ஜெர்மானியத் தத்துவ அறிஞர் மார்ட்டின் ஹைடெகர் 1929–30இல் ஆற்றிய விரிவுரைகளில் சலிப்பின் மூன்று நிலைகளை விளக்கியபோது, முதல் நிலைக்கு எடுத்துக்கொண்டது இத்தகைய காத்திருப்பையே: சிற்றூர் ரயில் நிலையம் ஒன்றில் அடுத்த வண்டிக்கு நான்கு மணி நேரம் இருக்க, பயணி கால அட்டவணையைப் படிக்கிறார், சாலையோர மரங்களை எண்ணுகிறார், மீண்டும் கடிகாரத்தைப் பார்க்கிறார். திருநெல்வேலிப் பேருந்துக்கு நிற்பவரும் முன்பு ஊர்ப்பலகைகளைப் படித்தும், பக்கத்தில் நிற்பவரிடம் எந்த ஊர் என்று விசாரித்தும் பொழுதைத் தள்ளியவரே. இன்று அவர் தலை கைப்பேசியை நோக்கிக் கவிழ்ந்திருக்கிறது. காத்திருப்பின் வேதனையைக் கருவி குறைப்பதில் தவறென்ன என்று கேட்போரும் உண்டு.

ஆனால் வெறும் பொழுதைத் தாங்கும் பழக்கம் விட்டுப்போவது சிறிய இழப்பன்று. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக உளவியலாளர் டிமோதி வில்சனும் குழுவினரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், 15 நிமிடம் தம் எண்ணங்களோடு தனித்து விடப்பட்ட 18 ஆண்களில் 12 பேரும், 24 பெண்களில் 6 பேரும், சும்மா இருப்பதை விட்டுத் தமக்குத் தாமே மின்னதிர்ச்சி கொடுத்துக்கொண்டனர். அந்த அதிர்ச்சியைத் தவிர்க்கப் பணமும் கொடுப்போம் என்று முன்னர்ச் சொன்னவர்கள் இவர்கள் என்பதே வியப்பு. வளர்ந்தோர் நிலை இதுவெனில், ‘போர் அடிக்குதும்மா’ என்று பிள்ளை சொல்லி முடிக்குமுன் கைப்பேசியை நீட்டும் பெற்றோர், திண்ணையில் கிடந்த குச்சியும் கல்லும் விளையாட்டாக மாறுவதற்கு வேண்டிய அந்தச் சில நிமிடங்களையும் சேர்த்தே பறித்துக்கொள்கின்றனர். பிள்ளைக்கு வந்தது சலிப்பா, பசியா, அலுப்பா, தூக்கமா என்று கேட்டறியும் வேலையும் அத்துடன் அவர்களுக்கு மிச்சமாகிவிடுகிறது.