தாய் குறிக்க வேண்டிய நாள்

குழந்தைக்கு ஐந்து நாள்களாகக் காய்ச்சல் தணியாமல், கண்கள் சிவந்து, உதடு வெடித்து, உடலில் தடிப்புகள் தோன்றினால், அம்மையென்று எண்ணி வாளாவிருத்தல் ஆகாது. அது குருதிக் குழாய்களைத் தாக்கும் கவாசாகி நோயாகவும் இருக்கலாம். ஜப்பானிய மருத்துவர் தொமிசாகு கவாசாகி 1967இல் 50 குழந்தைகளின் வரலாற்றைக் கொண்டு இதனை விளக்கினார். இந்நோய் நம் நாட்டிலும் உண்டு.

மருத்துவம் பெறாவிடில், ஏறத்தாழ நான்கில் ஒரு குழந்தைக்கு இதயத் தமனி பழுதுறும். பத்து நாள்களுக்குள் இம்யூனோகுளோபுலின் மருந்தை நரம்பு வழியே ஏற்றினால் அவ்வாபத்து பெரிதும் குறையும். எனினும் நூற்றுக்குப் பத்து முதல் இருபது குழந்தைகட்கு முதல் மருந்து பலிப்பதில்லை.

அத்தகையோரை முன்னரே அறிய, கொபயாஷி என்பவரும் உடனுழைத்தோரும் 2006இல் ஒரு மதிப்பெண் முறையை வகுத்தனர். வயது, இரத்தத்தின் சோடியம், தட்டணுக்கள், காய்ச்சல் கண்ட எத்தனையாம் நாளில் மருந்து தொடங்கிற்று என்பன அதில் அடங்கும். ஜப்பானில் நன்கு பயன்பட்ட அம்முறை, வட அமெரிக்கக் குழந்தைகளுள் பலரைத் தவறவிட்டது.

ஆகவே மதிப்பெண் குறைவென்று மனம் ஆறிவிடலாகாது. மருந்து ஏற்றி முடித்து 36 மணி நேரம் கழிந்த பின்னும் காய்ச்சல் இருப்பின், உடனே மருத்துவரிடம் கூறுங்கள். காய்ச்சல் தொடங்கிய நாளைக் குறித்து வையுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதனையே. நல்லாயன் தம் ஆடுகளைத் தனித்தனியே அறிகிறார். பெற்றோரின் விழிப்பும் அவ்வண்ணமே அமைக!